கைவிசை நீரேற்றி

ஜூன் 3, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. 'பழுது' என்று எழுதி ஒட்டிய தாளும் கிழிந்து தொங்குகிறது. நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் என்னை வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்துவிட்டது. குடிநீர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவை உச்சியில் கொண்டுபோய் வைத்தவர் யாரோ, அவர் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரவேண்டும்.

ஆனாலும் இன்றைக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. எழுதி வைக்காவிட்டால் நாளைய அலுப்பில் மறந்துபோவேன். கலைச்சொல் கையேட்டுக் கூட்டத்தில் என் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள்.

தெருமுனையில் நிற்குமே, கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் அடித்தால் தண்ணீர் கொட்டுமே, அந்தப் பம்பு. அதற்கு எங்கள் காகிதங்களில் என்ன பெயர் எழுதுவது என்பதுதான் பேச்சு. இத்தனை வருஷமாக ஆளுக்கொரு பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம். பொறியாளர் 'கைப்பம்பு' என்றார். கணக்குப் பிரிவுக்காரர், எங்க பக்கம் 'அடிகுழாய்'தான் என்றார். மற்றவர்கள் 'அடிபம்பு'. எங்கள் பிரிவுத் தலைவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. எதைக் கொடுத்தாலும் ஒரு புள்ளியையாவது திருத்தாமல் கையெழுத்துப் போடமாட்டார். "அடி, உதைன்னு ஆபீஸ் காகிதத்துல எழுதறதா? அதுல பாதி வேத்துமொழி வேற" என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன். கைவிசை நீரேற்றி. கையின் விசையால் நீரை ஏற்றுவது. பொறியாளர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எல்லாரும் தலையாட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். விளக்கத்தையும் நானே எழுதினேன்: 'நெம்புகோலைக் கையால் இயக்கி நிலத்தடி நீரை மேற்கொணரும் கருவி.'

அடுத்தவர் வாக்கியத்தைத் தமிழாக்கியே காலம் போயிற்று. எதிலும் என் பெயர் கிடையாது. இந்த ஒரு சொல்லாவது என்னுடையது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதை மறைப்பானேன்?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற மனிதர். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் காதில் ஏறும். "தெருவுல போய், கைவிசை நீரேற்றி எங்க இருக்குன்னு கேட்டுப் பாரு. ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவாங்க" என்றார். சோற்றை எப்போதும் போல வைத்தேன். குழம்பை மட்டும் கொஞ்சம் குறைவாக ஊற்றினேன்.

ஜூன் 5, வியாழன்

முழங்கால். வேறெதுவும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சின்னவள் வீட்டுக்குப் போய் வந்தேன். இரண்டு பஸ் மாற வேண்டும். தங்கை வீடு என்பதால் சரி, வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் முழங்காலைக் காரணம் காட்டியிருப்பேன்.

அவளுடைய தையல் கடை என்பது வீட்டின் முன்னறைதான். நான் போனபோது அவள் வாயில் ஊசி, கழுத்தில் அளவு நாடா, எதிரே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், வாசலில் பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டு இரண்டு பேர். ஊசியை எடுக்காமலே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள். "டைலரம்மா, இதுல என்ன போட்டிருக்கு?" இவளும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்துச் சொல்கிறாள். "எங்கக்கா ஆபீஸ்ல எழுதறா. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு" என்று என்னைக் காட்டி அவர்களிடம் சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. பிடிக்கவும் செய்தது.

தெருவின் ஒரு முனையில் மோட்டார் அறை. அங்கிருந்துதான் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறி வீட்டுக் குழாய்களுக்கு வருகிறது. மறுமுனையில் அடிபம்பு. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்று குடிப்பதற்குப் பாதிப் பேர் பம்புத் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். பம்பின் கைப்பிடி ஆணி தேய்ந்து ஆடுகிறது. சின்னவள் கடைத் துண்டுத் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறையத் தண்ணீர். கடைசியாக அடித்தவர் டப்பாவை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்தவர் அதை மேலே ஊற்றி அடித்தால்தான் பம்பு வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் இரும்பு கத்துவது தவிர ஒன்றும் வராது. நிரப்பாமல் போன ஒருத்தியின் மானத்தை இன்று காலையில் வாங்கிவிட்டார்களாம்.

அந்தப் பம்புக்கு நான் வைத்த பெயரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சின்னவளின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார், சாப்பாடு, அவருடைய அரட்டை, அவர் வேனில் ஏற்றிப்போன பீரோ மாடிப்படியில் மாட்டிக்கொண்ட கதை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயர் விஷயம் அப்படியே போயிற்று.

ஜூன் 16, திங்கள்

நாள் முழுக்க மழை. கேபிளுக்குத் தோண்டியவர்கள் சாக்கடைக் குழாயை உடைத்துவிட்டார்களாம். யாரும் கவனிக்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. உடைந்த இடம் சின்னவள் இருக்கும் பக்கம்.

ஜூன் 17, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்தது. அந்தப் பகுதி அடிபம்புகள் எல்லாவற்றிலும் சாக்கடை கலந்திருக்கிறது. மேல்தொட்டித் தண்ணீர் வேறு ஆழக் கிணற்றிலிருந்து வருவது, மருந்தும் போடுகிறார்கள், அதில் குறை இல்லை. உடனே அறிவிப்பு ஒட்டவேண்டும்.

முற்றுப்புள்ளி தாளை என் மேசையில் வைத்தார். "நீங்களே எழுதிடுங்க. நம்ம புதுச் சொல்லுக்கு முதல் போணி" என்றார். எழுதினேன்: 'கைவிசை நீரேற்றிகளிலிருந்து பெறப்படும் நீர் மாசடைந்துள்ளமையால், மறு அறிவிப்பு வரும்வரை அதனைப் பருகுவதையும் சமையலுக்குப் பயன்படுத்துவதையும் தவிர்க்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அவருக்கே திருத்தப் புள்ளி எதுவும் கிடைக்கவில்லை.

பக்கம் வடிவமைக்கும் பெண் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மேடம், இது அடிபம்புதானே? அடைப்புக்குறிக்குள்ள போட்டுடட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "அடைப்புக்குறி போட்டா எல்லாரும் அதைத்தான் படிப்பாங்க. புதுச் சொல் நிக்காது."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

ஜூன் 19, வியாழன்

பஸ் நிறுத்தத்துச் சுவரில் பார்த்தேன். பெரிய எழுத்து, நீலக் கட்டம். என் சொல் முதல் வரியிலேயே. பஸ் வந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளைக் கூப்பிட்டேன். "அறிவிப்பு பாத்தியா? அந்தத் தண்ணியைத் தொடாதீங்கடி."

"பாத்தேன்க்கா. தெருவுக்கே உரக்கப் படிச்சுச் சொல்லிட்டேன். ஒருத்தரும் தொடறதில்ல. உங்க ஆபீஸ் எழுத்துன்னு சொன்னதும் கப்சிப்னு கேட்டாங்க." தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள்.

நிம்மதி. சீக்கிரம் படுக்கப் போகிறேன்.

ஜூன் 26, வியாழன்

லிஃப்ட் ஓடியது. இரண்டாவது மாடியில் நின்றுவிட்டது.

பொறியாளர் மேசைக்கு வந்து ஒரு வேடிக்கை சொன்னார். அறிவிப்பு ஒட்டிய பகுதியில் குழாய்த் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும் என்று எதிர்பார்த்தார்களாம். தலைகீழாக, மேல்தொட்டி நிரம்பி வழிகிறதாம். "ஜனங்க ஒருவேளை குளிக்கறதையே விட்டுட்டாங்களோ?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஜூலை 4, வெள்ளி

மாப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். மழையில் நனைந்திருப்பார் என்றேன்.

ஜூலை 9, புதன்

காலையில் சின்னவள் போன். அழுகை. மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன்.

மனிதரை அடையாளம் தெரியவில்லை. கண் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறார். "வாங்கக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. பீரோ கதை சொன்ன வாய் அது. ஈரல் ரொம்பவும் பாதித்திருக்கிறது, தண்ணீரால் வந்த காமாலை, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார் டாக்டர். அந்தத் தெருவிலிருந்தே இன்னும் நாலைந்து பேர் வந்திருக்கிறார்களாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சின்னவள் முந்தானையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எப்படிக்கா வந்துச்சு? நீங்க நோட்டீஸ் ஒட்டின அன்னையிலருந்து மோட்டார் தண்ணியை ஒரு சொட்டுத் தொடலையே. குழாயைத் திருகவே விடல நான். சமைக்க, குடிக்க, வாய் கொப்பளிக்கக்கூட அடிபம்புத் தண்ணிதான். இடுப்பொடிய நானே அடிச்சுக் கொண்டாந்தேன். தெருவே அப்படித்தான் பண்ணுச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. 

"நீரேற்றின்னா மோட்டார் ரூம்னு நெனச்சியா?" என்று கேட்டேன். 

"பின்ன? மோட்டார் ரூம் கதவுலயே 'நீரேற்று நிலையம்'னு போட்டிருக்கே. ஆள் வந்து தெனமும் கையாலதானே சுவிட்ச் போட்டுவிடறாரு." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டேன். அவள் இருந்த நிலையில் இதையும் அவள் தலையில் போட எனக்கு வாய் வரவில்லை. மருந்தை வாங்கி நர்ஸிடம் கொடுத்துவிட்டு நேரே அந்தத் தெருவுக்குப் போனேன். ஏன்னா அங்க இன்னும் குடிச்சிட்டிருக்காங்க. இந்த நிமிஷமும் குடிச்சிட்டிருக்காங்க. என் சொல்லைப் படிச்சிட்டு.

பம்படியில் குடங்களோடு வரிசை. ஒருத்தி டப்பாத் தண்ணீரை ஊற்றி அடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினேன். "இதைக் குடிக்காதீங்க. இதுலதான் சாக்கடை கலந்திருக்கு. மோட்டார் தண்ணி நல்ல தண்ணி."

"நோட்டீஸ்ல வேற மாதிரியில்ல போட்டிருக்கு?" என்றாள் அவள். "டைலரம்மா படிச்சாங்க. அவங்க தப்பா படிக்க மாட்டாங்க."

"நீங்க யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

என்ன சொல்வது? டைலரம்மா தப்பாகப் படித்துவிட்டாள் என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாரும் குடத்தைக் கவிழ்த்திருப்பார்கள். அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். விழுங்கினேன். "அவ சரியாத்தான் படிச்சா. நான் அவ அக்கா. அதை எழுதினதே நான்தான். கைவிசை நீரேற்றின்னு போட்டது இந்த அடிபம்பைத்தான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. ஒருத்தி சிரித்தேவிட்டாள். "அடிபம்பைச் சொல்லணும்னா அடிபம்புன்னு போட வேண்டியதுதானே? நோட்டீஸ் எழுதறவங்களுக்கு அதுகூடவா தெரியாது?"

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் போடல."

அதற்கப்புறம்தான் அவர்கள் முகம் மாறியது. பெரியவர் முதலில் தன் குடத்தைக் கவிழ்த்தார். கைப்பிடியில் சுற்றியிருந்த துண்டுத் துணியை அவிழ்த்து, பம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன், யாரும் அடிக்க முடியாதபடி. ஒருத்தியின் பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். அவள் என்னைத் திட்டியதை எழுதப்போவதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் புரிந்தது.

ஜூலை 10, வியாழன்

சின்னவளுக்கு விஷயம் தெருக்காரர்கள் மூலம் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"நேத்து பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருந்தியே. அப்பவே தெரியும்தானே உனக்கு?"

தலையாட்டினேன்.

"அப்ப என்கிட்ட சொல்லல. தெருவுல போய் நாலு பேர்கிட்ட சொன்ன. நான் அடுத்தவங்க வாயால கேட்டேன். என் கையாலயே அவருக்கு ஊத்திக் குடுத்திருக்கேன்னு எங்க தெருப் பூக்காரம்மா சொல்லி எனக்குத் தெரியுது."

"அவங்க குடிச்சிட்டிருந்தாங்கடி. உடனே நிறுத்தணும்னு..."

"சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல? ரெண்டு வார்த்தை. உனக்கா வார்த்தை பஞ்சம்?"

 கேட்கக்கூடாத கேள்வியை அப்புறம் நான்தான் கேட்டேன். "புரியலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாதா நீ?"

 "முதல் தடவை படிச்சப்ப எனக்கும் சரியா புரியலக்கா. சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. உன் ஆபீஸ் எழுத்து. நான் உன் தங்கச்சி. எனக்கே புரியலைன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? போர்டு ஞாபகம் வந்துச்சு, சொல்லிட்டேன். அன்னைக்கு நீ போன் பண்ணப்பக்கூட கேக்கலாம்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னை வரச் சொல்லவில்லை. நான் வாசலிலிருந்தே பஸ் ஏறினேன்.

வெக்கமா இருந்துச்சாம். என்கிட்ட கேக்க அவளுக்கு வெக்கம். நான் தூக்கி வளர்த்தவ. எனக்குப் படிச்ச திமிர் வந்ததும் அவளுக்கு வெக்கம் வந்துடுச்சு போல. என்னதான் எழுதிக் கிழிச்சேன் இத்தனை வருஷமா?

ஜூலை 11, வெள்ளி

முற்றுப்புள்ளியிடம் போய் நின்றேன். புதிய அறிவிப்பைக் கையோடு எழுதிப் போயிருந்தேன். 'அடிபம்புத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சமைக்காதீர்கள். அதில் சாக்கடை கலந்திருக்கிறது. வீட்டுக் குழாயில் வரும் மோட்டார் தண்ணீர் நல்ல தண்ணீர்.'

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "இப்ப இதை ஒட்டினா, முன்னாடி ஒட்டினது தப்புன்னு ஆகும். யார் தப்புன்னு கேப்பாங்க. கையேடு வேற அச்சுக்குப் போயாச்சு. உங்க சொல்தானேம்மா? நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க? கொஞ்ச நாள்ல ஜனங்க பழகிக்குவாங்க."

"அதுக்குள்ள யார் யார் மிச்சம் இருப்பாங்க சார்?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் தப்பு என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்திலாவது என் பெயர் வரட்டும்.

அவர் என் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். எந்தப் புள்ளியையும் தொடாமல் கையெழுத்துப் போட்டார். மாலைக்குள் அச்சாகிவிட்டது. வடிவமைக்கும் பெண் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கியிருந்தாள்.  தேநீர் வாங்கிவந்து என் மேசையில் வைத்தாள்.

ஜூலை 12, சனி

மாப்பிள்ளை அப்படியேதான் இருக்கிறார். இவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சின்னவள் என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

ஜூலை 13, ஞாயிறு

அப்படியேதான்.

ஜூலை 15, செவ்வாய்

கண் திறந்து பேசினாராம். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதாக இவர் வந்து சொன்னார். சமையலறையில் நின்று அழுதேன். இவர் வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல், வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

தெருவில் யாரும் சாகவில்லை. அந்தப் பேரப்பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. நான் செய்த புண்ணியம் இதில் ஒன்றும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கண்டிப்புத் தாள் ஒன்று என் கோப்பில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனவளுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கையேட்டை அச்சிலிருந்து திரும்ப வாங்கியிருக்கிறார்கள். கூட்டத்தில் நானே சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். இப்போது அந்தப் பதிவு இப்படி: 'அடிபம்பு: கைப்பிடியை மேலும் கீழும் அடித்துத் தண்ணீர் எடுக்கும் பம்பு. அடிகுழாய், கைப்பம்பு என்றும் சொல்வார்கள். அறிவிப்பு ஒட்டும் தெருவில் எந்தப் பெயர் வழங்குகிறதோ அதையே எழுதவும்.' கடைசி வாக்கியம் அகராதி முறையில் இல்லை என்று ஆட்சேபித்தார்கள். இருக்கட்டும் என்று முற்றுப்புள்ளி சொல்லிவிட்டார்.

"கைவிசை நீரேற்றியை அடியில சின்ன எழுத்துல போட்டுடலாமா? நல்ல சொல்தான்மா அது" என்று மெதுவாகக் கேட்டார். நல்ல சொல்தான். எனக்கும் தெரியும். வேண்டாம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். அவர் "வாங்கக்கா, உக்காருங்க" என்றார், பாதி ஆளாகிவிட்டார். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கிளம்பும் வரை மிஷின் நிற்கவேயில்லை. கடையில் யாரும் இல்லை. காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி இப்போது யாரும் வருவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்கும் நான்தான் காரணம். மன்னிச்சுடுடி என்று வாசலில் நின்று சொன்னேன். "பஸ் போயிடும்" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒன்றுமில்லை. ஏறினேன், இறங்கினேன். போன் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பம்பைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு, உள்ளே மருந்து ஊற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்களாம். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி. என்னை எழுதச் சொல்வார்கள். யாராவது தெருவில் நின்று படித்துப் பார்க்காமல் இனி ஒன்றும் அச்சுக்குப் போகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வேலையும் என் முழங்கால் தலையில்தான் விழப்போகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சின்னவள்.

நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "ஆஸ்பத்திரியில ஒரு தாள் குடுத்திருக்காங்க. படிக்கிறேன், கேளு" என்றாள். படித்தாள். "'உடலுழைப்புத் தவிர்ப்பு விலக்கிக்கொள்ளப்படுவது, அடுத்த பரிசோதனையின் அடிப்படையில் பரிசீலனைக்கு உட்பட்டது.' அவர் நாளைக்கே வேனை எடுக்கறேன்னு நிக்கறாரு. ஓட்டலாமா, கூடாதா? எனக்குப் புரியல. நீ சொல்லு."

எனக்குப் புரியல. இத்தனை சாதாரணமாகச் சொன்னாள். கையில் ஈரத்துணியோடு நான் நின்றிருந்தேன்.

"இன்னொரு தடவை படி" என்றேன். படித்தாள். தவிர்ப்பு விலக்கு என்றால் வேலை செய்யலாம். ஆனால் பரிசீலனை என்கிறான். அப்படியானால் இப்போதைக்குக் கூடாது என்றா, இல்லை, செய்யலாம், பிறகு பார்ப்போம் என்றா? மனசுக்குள் உருட்டிப் பார்த்தேன். ஊகித்துச் சொல்லிவிடலாம். சொல்லியிருப்பேன், ஜூன் மாதமாக இருந்தால்.

"எனக்கும் புரியலடி" என்றேன்.

 

"உனக்கே புரியலையா?"

"சத்தியமா புரியல."

"அப்ப யாருக்குத்தான் எழுதறீங்க நீங்கள்லாம்?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். உள்ளே மாப்பிள்ளை என்னவென்று கேட்பது கேட்டது. "எழுதற எங்கக்காவுக்கே புரியலையாம்" என்று அவரிடம் கத்திச் சொன்னாள்.

நாளைக்குக் காலையில் இருவரும் போய் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கப்போகிறோம். அவள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதாகச் சொன்னாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.